தராசைப் பிடித்தவள்

பிப்ரவரி 4

என் நெட்டைக்கு,

நீ வரைந்த படங்கள் சுவரேறிவிட்டன, மொத்தமும்! தச்சர் வந்து ஆணி அடித்த அன்று பெரிய டாக்டர் ஏதோ மாநாட்டுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து பார்க்கும்போது, வார்டு கட்டிய நாளிலிருந்தே படங்கள் அங்கேதான் தொங்குகின்றன என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஆனாலும் உள்ளூரக் கொஞ்சம் உதறல்தான்.

எங்கள் நடைபாதை உனக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் ஜன்னல்கள், மறுபக்கம் வெளிறிய பச்சைச் சுவர். ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலும் இதய நோயாளிகள் நடை பழகுவது அந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான். இப்போது பார்ப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். வாளி தூக்கும் பெண்கள், முடிவெட்டுகிறவர், வாத்துகளோடு பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம், மேஜை நிறையச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற குண்டு மனிதர்.

விமர்சனமும் ஆரம்பமாகிவிட்டது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், "எல்லாரும் ஏன் ஒரே பக்கமா பாக்கறாங்க? டீ வண்டி வருதா?" என்று கேட்டார். நிஜமாகவே டீ வண்டி வருகிற பக்கம்தான் எல்லாரும் பார்க்கிறார்கள், நான் யோசிக்கவே இல்லை! கூட்டுகிற அம்மாவுக்கு வேறு கவலை. "உடம்பு நேரா இருக்கு, மூஞ்சி மட்டும் திரும்பியிருக்கு. கழுத்து சுளுக்கிக்காதா?"

பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்துக்காக நீ ஒரே ஒரு எகிப்துப் படம் வரையப் போய், அதிலிருந்து வெளியே வரமுடியாமல் அந்தப் பாணியிலேயே அக்கம்பக்கத்து ஆட்களையெல்லாம் வாட்டர்கலரில் வரைய ஆரம்பித்த கதையை எல்லாரிடமும் சொல்கிறேன். அதெல்லாம் கல்லறைச் சுவர்களில் இருந்த படங்கள் என்பதை மட்டும் முழுங்கிவிட்டு, "பழைய காலத்து அரண்மனை" என்று சொல்லிவைத்திருக்கிறேன். வார்டு அப்படி.

நீ வந்து பார்க்க வேண்டாமா? இந்தப் படியேறி இரண்டு வருஷம் ஆகிறது. ஏன் வரவில்லை என்று தெரியாமல் கேட்கவில்லை. உன் வீட்டுக்காரரை நாங்கள் கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவராத இடம் இது. இருந்தாலும் கேட்கிறேன். போனில் என் குரல் கொசு மாதிரி கேட்கிறது என்கிறாய். அதனால் இப்படி எழுதியே உன்னை நச்சரிக்கிறேன்.

காதைக் காட்ட இந்த மாதமாவது போ.

உன்
குருவி


பிப்ரவரி 9

குருவிக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம்தான். சந்தோஷம் என்று எழுதிவிட்டு அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் என்கிறாய். மாலை வெயில் படுமா? சிவப்பு சீக்கிரம் வெளுத்துவிடும். எகிப்துக்காரர்கள் ஆண்களுக்குச் செங்காவியும் பெண்களுக்கு மஞ்சளும் அடிப்பார்கள். காவி நிற்கும், என்னுடைய மற்ற சிவப்புகள் நிற்காது. திரை போட முடியுமானால் போடு.

இன்னொன்று. நீ வந்து படக்கட்டை எடுத்துக்கொண்டு போன அன்று நான் சரியாகப் பார்க்கவில்லை. அதில் தராசுப் படம் ஒன்று இருக்கிறதா? நெஞ்சை ஒரு தட்டில் வைத்து நிறுக்கிற படம். அது மாட்டுவதற்காக வரைந்தது இல்லை. கட்டோடு சேர்ந்து வந்துவிட்டது போலிருக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் கழற்றி உன் அலமாரியில் வை. காரணம் கேட்காதே, சரியாக வராத படம், அவ்வளவுதான்.

கல்லறை என்று சொல்லாமல் விட்டது நல்லது. ஆனால் நீ எத்தனை நாளைக்கு ஒரு விஷயத்தை முழுங்கி வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியாதா?

காது அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்கவில்லை. டிரைவர் இறங்கி வந்து திட்டியிருக்கிறார், அதுவும் கேட்கவில்லை. வாய் அசைந்ததை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். அதிலிருந்து கடைத்தெரு வரைக்கும் போவதோடு சரி.

நெட்டை


பிப்ரவரி 14

அடி நெட்டை,

உன் கடிதம் வருவதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. யாரிடமும் சொல்ல முடியாமல் உனக்கு எழுதுகிறேன்.

எங்கள் வார்டில் ஒரு பஸ் டிரைவர் இருக்கிறார். மலை மாதிரி ஆள், மீசை, வாயைத் திறந்தால் சிரிப்பு. வால்வு மாற்ற வேண்டும். தள்ளிப்போட முடியாத கேஸ். அவருக்கு உன் தராசுப் படத்தின் மேல்தான் கண். அவர் கட்டிலிலிருந்து பார்த்தால் கதவு வழியாக நேராக அது ஒன்றுதான் தெரியும். "இது என்ன சிஸ்டர், மளிகைக்கடையா?" என்று கேட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், நீ எனக்குச் சொன்னதையெல்லாம் கதை மாதிரி சொன்னேன். செத்த பிறகு மனிதனுடைய இதயத்தை ஒரு தட்டிலும் இறகை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுப்பார்கள், இறகைவிடக் கனமாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த முதலைவாய் மிருகம் தின்றுவிடும் என்று. அவரும் கேட்டுச் சிரித்தார்.

மறுநாள் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து, மாணவர்களுக்குக் காட்டி, "இவருக்கு இதயம் ரொம்பப் பெருத்துப்போயிருக்கு. இருக்க வேண்டியதைவிடக் கனம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது மருத்துவம். இவர் காதில் விழுந்தது வேறு.

அன்று சாயங்காலம் ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கப் போனால், பேனாவைத் தொட மாட்டேன் என்கிறார். "வேணாம் சிஸ்டர், நான் வீட்டுக்குப் போறேன்." அவர் மனைவி அழுகிறார், திட்டுகிறார், மறுபடி அழுகிறார். நான் கட்டிலில் உட்கார்ந்து, "அது ஒரு பொம்மைப் படங்க, என் தோழி வரைஞ்சது" என்றேன். அவர் என்னையே பார்த்தார்.

"அதுல தராசைப் பிடிச்சிருக்கறது நீங்கதானே சிஸ்டர்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். மாட்டிய அவசரத்தில் நான் கவனிக்கவே இல்லை. தராசைப் பிடிக்கிற நாய்த்தலைக் கடவுள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெண் நிற்கிறாள். மஞ்சள் உடம்பு, வெள்ளைப் புடவை, மார்பில் தலைகீழாகக் குத்திய கடிகாரம். தாடையில் மச்சம்.

நெட்டை, அது நானா?

குருவி


பிப்ரவரி 17

குருவிக்கு,

பக்கவாட்டில் வரைந்தால் எல்லா முகமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கையில் பழகிய முகம் எதுவோ அது வந்துவிடும். நீதான் எனக்குப் பழகிய முகம்.

அந்தப் படத்தை உடனே கழற்று. எனக்கு அனுப்பிவிடு. கழற்றிவிட்டால் அவர் மறந்துவிடுவார்.

அந்த டிரைவர் கையெழுத்துப் போட்டதும் ஒரு வரி எழுது. தூக்கம் வரவில்லை.

நெட்டை


பிப்ரவரி 20

நெட்டைக்கு,

படத்தை நேற்றே கொடுத்தனுப்பிவிட்டேன். எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவருக்கு உன் வீட்டுப் பக்கம்தான் வீடு. கண்ணாடி மூலையில் விரிசல் விட்டிருக்கிறது, மன்னித்துவிடு. பெரிய டாக்டர் பார்த்துவிட்டார். "இது ஹார்ட் வார்டா, கண்காட்சியா? யாரைக் கேட்டு மாட்டினீங்க?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். மற்றப் படங்கள் இப்போதைக்கு இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். அதுவும் தபால்காரர் அவரிடம், "அந்த வாத்துங்க இருக்கட்டும் டாக்டர், நடக்கறதுக்கு ஒரு துணை" என்று சொன்னதால்.

கழற்றினால் சரியாகிவிடும் என்று நீ நினைத்தாய், நானும் நினைத்தேன். நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. ஆணி மட்டும் நிற்கிறது. பஸ் டிரைவர் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். "பொம்மைப் படம்னா ஏன் எடுத்தீங்க? நிஜம்ங்கறதாலதானே எடுத்தீங்க?" என்கிறார். நான் மருந்து கொடுக்கப் போனால் வாங்கிக்கொள்கிறார், ஆனால் என் கையைப் பார்க்கிறார். முன்பெல்லாம் என்னோடு அப்படிச் சிரிப்பார்.

அவர் மனைவி தையல் கடையில் வேலை பார்க்கிறவர். லீவு போட்டுவிட்டு வராந்தாவிலேயே கிடக்கிறார். இன்று என்னைத் தனியாக அழைத்து, "அந்தப் படம் போட்ட அம்மாவைக் கூப்பிடுங்க சிஸ்டர். அவங்க சொன்னா கேப்பாரு. போட்டவங்களுக்குத்தானே அதோட அர்த்தம் தெரியும்?" என்றார்.

வருவாயா? இல்லையென்றால் படத்தையாவது திருப்பி அனுப்பு, அவர் கையிலேயே கொடுத்து வெறும் காகிதம்தான் என்று காட்டுகிறேன். ஏதாவது செய். கால் வீக்கம் கூடிக்கொண்டே போகிறது. ஆபரேஷன் இல்லாமல் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கு மட்டும் பாதிதான் தெரியும்.

குருவி


பிப்ரவரி 23

நெட்டை,

பதில் இல்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் படத்தை உன் கையில் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார். நீ வாங்கிக்கொண்டு உடனே கதவைச் சாத்தினாயாம்.

பஸ் டிரைவர் பையைக் கட்டி வைத்துவிட்டார். சட்டையை மடித்து மேலே வைத்திருக்கிறார். திங்கட்கிழமை மகன் வந்ததும் கிளம்புவாராம்.

என்மேல் ஏதாவது கோபமா? கோபம் என்றால் அதையாவது எழுது.

குருவி


பிப்ரவரி 24

குருவிக்கு,

படத்தை உன்னிடம் திருப்பித் தர முடியாது. ஆம்புலன்ஸ் டிரைவர் தந்துவிட்டுப் போன அன்றே, கண்ணாடியை எடுத்துவிட்டு, காகிதத்தைக் குளியலறைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். முதலில் மிருகம் கரைந்தது, பிறகு தட்டுகள். உன் புடவையில் நான் வர்ணமே வைக்கவில்லை, வெறும் காகிதத்தை விட்டிருந்தேன். அதனால் நீ மட்டும் கடைசி வரைக்கும் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தாய். கையால் தேய்த்தேன். காகிதம் பிய்ந்துபோயிற்று.

ஆமாம், அது நீதான்.

இரண்டு வருஷமாக இதை உன்னிடம் சொல்லவில்லை. நீ வாரம் தவறாமல் வந்தாய், கதவைத் தட்டினால் எனக்குக் கேட்காது என்று ஜன்னலில் டார்ச் அடித்தாய், மருந்து வாங்கி வைத்தாய், எனக்காகச் சண்டை போட்டு ஓய்வூதியம் வாங்கித் தந்தாய். நான் உனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, நீ போனதும் இதை வரைந்தேன். அன்றைக்கு என் வீட்டுக்காரருடைய ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடலாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, நீ வந்து என் தோளைப் பிடித்து, "சும்மா போடுடி. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடும்" என்றாய். நான் போட்டேன். அவர் வரவில்லை. யார்மேல் கோபப்படுவது? டாக்டர் எனக்கு யாரோ. கடவுளிடம் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. பக்கத்தில் இருந்தது நீ.

அதனால் உன் கையில் தராசைக் கொடுத்தேன். அவருடைய நெஞ்சு இருந்த தட்டைத் தாழ்த்தி வைத்தேன். நீ கையை வைத்து அழுத்தியதால் தாழ்ந்தது என்று எனக்குள் ஒரு நினைப்பு. இப்படி எழுதும்போது பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. வரையும்போது அப்படித் தோன்றவில்லை.

அது போய் யாரோ ஒரு மனிதரின் கட்டிலுக்கு நேரே தொங்கும் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு ஏதாவது ஆனால் அது என் கையால்.

திங்கட்கிழமை காலையில் வருகிறேன். பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடம் எழுதிக் காட்டுவேன், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் தட்டிச் சொல்லுங்கள் என்று. டிரைவரின் மகன் வருவதற்குள் வந்துவிடுவேன். நீ என்னை வாசலில் பார்க்க வேண்டாம். பார்க்க உனக்குப் பிடிக்காமல் போகலாம்.

நெட்டை


பிப்ரவரி 27

குருவிக்கு,

உன்னைப் பார்த்தேன், நீ என்னைப் பார்த்தாய், உடனே உன்னை அவசரமாக உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். யாருக்கோ மூச்சு நின்றுவிட்டது என்று ஓடினாய். நீ ஓடியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பொழுதெல்லாம் உனக்கு இதுதானே வேலை.

அதனால் அங்கே நடந்தது உனக்குத் தெரியாது. சொல்கிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

அவர் கட்டிலில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பை மடியில். அவர் மனைவி என் காதருகே வந்து கத்தினார், பாதி புரிந்தது. அவர் பேசுவது சுத்தமாகப் புரியவில்லை, மீசை உதட்டை மறைக்கிறது. கடைசியில் தாளும் பேனாவும் கொடுத்தேன். கொட்டை எழுத்தில் எழுதினார், பஸ் போர்டு மாதிரி.

"படம் எங்கே?"

"கழுவிட்டேன்" என்றேன்.

"அந்த மிருகம்?"

"அதுவும் போயிடுச்சு. சாக்கடையில."

அவர் சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. எழுதினார்: "உங்க வீட்டுக்காரருக்கும் இங்கேதான் ஆபரேஷனாமே?" தபால்காரர் சொல்லியிருக்கிறார் போல, அவருக்குத் தெரியாத விஷயம் ஏதாவது இருக்கிறதா உங்கள் வார்டில்?

"ஆமாம்" என்றேன்.

"வீட்டுக்கு வந்தாரா?"

அவர் மனைவி என் கையைப் பிடித்திருந்தார். அந்தக் கேள்வியைப் படித்ததும் அவர் பிடி இறுகியது. பொய் சொல்லச் சொல்கிற பிடி. "இல்லை" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா கையை எடுத்துவிட்டார்.

பிறகு கொட்டிவிட்டேன். எகிப்துக் கல்லறைகளில் நான் புத்தகத்தில் பார்த்த ஒரு தராசிலும் நெஞ்சு தாழ்ந்திருக்கவில்லை, எல்லாம் சமமாகத்தான் நிற்கும், தன் சுவரில் தான் தோற்றதாக எவனாவது வரைந்துகொள்வானா என்று சொன்னேன். என் படத்தில் தட்டு தாழ்ந்திருந்தது என் கோபத்தால், உங்கள் இதயம் பெருத்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அந்த சிஸ்டர் தராசு பிடிக்கிறவள் இல்லை, பிடிக்க ஒரு கையும் இல்லாதவனுக்குக் கை கொடுக்கிறவள் என்றேன். எனக்கு என் சத்தம் தெரியாது. கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எழுதினார்: "போடலாமா?"

அந்த ஒரு வார்த்தை, குருவி. எனக்கு என்ன தெரியும்? வேண்டாம் என்றால் இவர் வீட்டில் மூச்சு முட்டிச் சாவார். போடுங்கள் என்றால் நாளைக்கே மேஜையில் போகலாம். அந்த அம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போகவும் முடியாது. அன்றைக்கு நான் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி.

"பயமாத்தான் இருக்கும். போடுங்க" என்றேன்.

போட்டுவிட்டார். பெயரைக்கூட போர்டு மாதிரிதான் எழுதுகிறார்.

நீ வருவதற்குள் கிளம்பிவிட்டேன். உன்னைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆபரேஷன் எப்போது? எப்படி முடிந்தாலும் உடனே எழுது. நல்லதாக இல்லாவிட்டால் அலங்காரம் பண்ணாமல் எழுது. வாசலில் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறேன், தபால் வராத நேரத்திலும்.

நெட்டை


மார்ச் 3

நெட்டைக்கு,

முதலில் விஷயம். உயிரோடு இருக்கிறார்.

நேற்று காலையில் கொண்டுபோனோம். சாயங்காலம் ஆகிவிட்டது. நடுவில் ஒரு தடவை இரத்தம் நிற்காமல், உள்ளேயிருந்து இன்னும் பாட்டில் கேட்டு ஆள் ஓடிவந்தது. நான் போய் அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை, என் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரிய டாக்டர் வெளியே வந்தபோது அவருடைய தொப்பி முழுக்க வியர்வை. "வந்துட்டார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த அம்மா என் மடியில் கவிழ்ந்து அழுத அழுகையில் என் புடவை நனைந்துபோயிற்று.

இன்று வாயிலிருந்து குழாயை எடுத்தாகிவிட்டது. முதல் வார்த்தையாக என்ன சொன்னார் தெரியுமா? "பிரேக் பிடிக்குதா?" நான் சிரித்தேன். இன்னும் சில நாளைக்கு எதுவும் சொல்ல முடியாது, ஜுரம் வரக்கூடாது. ஆனாலும் நீ தபால்பெட்டியை விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிடு.

இனி மற்றது.

உன் 24-ஆம் தேதிக் கடிதத்தை டியூட்டி அறையில் நின்றுகொண்டே படித்தேன். இரண்டு வருஷம், நெட்டை! நான் கொண்டுவந்த மருந்தைக் குடித்துக்கொண்டே. வலிக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். நீ என்னைத் திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம். உனக்கு உயரம் இருக்கிறது, எட்டும்.

நேற்று அந்த வராந்தாவில் ஒன்று தோன்றியது. அதே டாக்டர், அதே மேஜை. உனக்கு நான் சொன்ன மாதிரியேதான் இவருக்கு நீ சொல்லியிருக்கிறாய், பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும். நீ சொன்னது பலித்தது. நான் சொன்னது பலிக்கவில்லை. பலித்திருந்தால் நீ என்னை வேறு எந்தப் படத்திலாவது வரைந்திருப்பாய், இல்லையா? வாத்துகளோடு நிற்க வைத்திருப்பாய்.

பலிக்கும் என்று நம்பித்தான் சொன்னேன். உன்னைத் தள்ளிவிட வேண்டும் என்று சொல்லவில்லை.

குருவி


மார்ச் 6

குருவிக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். டிரைவருக்கு ஜுரம் இல்லையே? அதை முதலில் எழுது.

பலித்திருந்தால் உன்னை வரைந்திருக்கவே மாட்டேன் என்று நினைக்கிறேன். நல்லபடியாக இருக்கும்போது யார் யாரைக் கவனிக்கிறார்கள்?

அந்தத் தாளில் "போடலாமா" என்று படித்த நேரத்திலிருந்து நான் உன்னை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், மூன்று தாள் வீணாகிவிட்டது. பார்க்க நன்றாக இல்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அன்றைக்கு என் வீட்டுக்காரரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது நீ. அப்போது எனக்குக் காது பாதிதான் போயிருந்தது. நீ வெளியே வந்து, "சிரிச்சுக்கிட்டே போனார்" என்று சொன்னது நன்றாகக் கேட்டது. நான் அதை நம்பவில்லை. பெண்சாதிக்காக நர்ஸுகள் சொல்கிற வார்த்தை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான் உன்னிடம் அவரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

இப்போது கேட்கிறேன். நிஜமாக என்ன நடந்தது? நல்லதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நெட்டை


மார்ச் 9

நெட்டை,

ஜுரம் இல்லை. இன்று கைத்தாங்கலாக நடைபாதை வரைக்கும் வந்தார். முடிவெட்டுகிறவர் படத்துக்கு முன்னால் நின்று, "இவனுக்கு ஒரு கண்ணுதானா?" என்று கேட்டார். இன்னும் ஒரு வாரம் கவலைதான் எனக்கு. ஆனால் சாப்பிடுகிறார்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு லிஃப்ட் வர நேரமாயிற்று. தள்ளுவண்டியில் உன் வீட்டுக்காரர், தலைமாட்டில் நான், வேறு யாரும் இல்லை. திடீரென்று என் கையைப் பிடித்தார். உள்ளங்கை ஈரமாக, ஜில்லென்று இருந்தது. "சிஸ்டர், எனக்கு ரொம்ப பயமா இருக்கு. அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

நான் வண்டிக்குப் பிரேக் போட்டுவிட்டேன். உன்மேல் சத்தியமாகப் போட்டேன். "வேணாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே திருப்பிடறேன். டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. கதவு மூடப் பார்த்தது, காலை வைத்துத் தடுத்தேன். அவர் கூரையைப் பார்த்து யோசித்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் சொன்னார். "இப்ப எழுந்து வீட்டுக்குப் போனேன்னா, பயந்தாங்கொள்ளின்னு சாகற வரைக்கும் கிண்டல் பண்ணிட்டே இருப்பா. அவ வாய்க்கு உங்க டாக்டர் கத்தி எவ்வளவோ தேவலை."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். என்னாலும் அடக்க முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் லிஃப்டில் ஏறினோம். மேலே கதவு திறந்தபோதும் அவர் முகத்தில் அது இருந்தது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர்கூட, "என்ன ஜோக்?" என்று கேட்டார்.

நான் உன்னிடம் சொன்னது பொய்யில்லை. அதற்கு முன்னால் இருந்ததைத்தான் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால். பயந்தார் என்று சொல்லாமல் சிரித்தார் என்பதை எப்படி விளக்குவது என்றும் எனக்குத் தெரியவில்லை. நீயும் கேட்கவில்லை.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லை. வரலாம் என்று இருக்கிறேன். இப்போது என் முகத்தைப் பார்க்க முடியாது என்று தோன்றினால் ஒரு வரி எழுதிப் போடு, வருத்தப்பட மாட்டேன், சனிக்கிழமைக்குள் கிடைத்துவிடும். வரட்டும் என்றால் ஒன்றும் எழுதாதே. தபால் வரவில்லையென்றால் நான் பஸ் ஏறிவிடுவேன்.

குருவி